பனிக்காலத்தில் பின் ஷொக் ஒழுகுவது ஏன்?
மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் குடும்பங்கள் அறியவேண்டியவை

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தலைசாய்க்கும் இடம் ஒன்று, பாடுபடும் இடம் வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்தப்பிய குடும்பங்கள் முகாமில் காத்திருந்து, 2016இல் மாக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போயின. 2023 மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண்சரிந்து குடும்பங்கள் வெளியேறின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழை பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மலைகளைச் சரித்து, ஏராளமான குடும்பங்களை வீட்டை விட்டு எழுப்பியது. இப்படி எழும்பியவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டாலும் காய்கறித் தோட்டத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் கொழுந்து எடுக்கும் மலையையும் கையோடு தூக்கிக்கொண்டு போக முடிவதில்லை.

இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தினமும் கடப்பது எது? பல குடும்பங்களில் அது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு இறக்குவதும், உரமூட்டையை ஏற்றுவதும், போஞ்சியையும் கோவாவையும் சந்தைக்குக் கொண்டுபோவதும், இரவில் காய்ச்சல் கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் அதுவே. 2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால், பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓடவேண்டிய நிலைமை நம்மவர்களுக்கு ஏற்பட்டது. ஆகவே இந்த வண்டியில் ஏற்படும் ஒரு சிறு பழுதும் குடும்பத்தின் வருமானத்தையும், சிலவேளை உயிரையும் தொடுகின்ற காரியமாகிவிடுகிறது.

மார்கழி, தை மாதங்களில் ஊவா மலைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "பனிக்கு ஷொக் ஒழுகுது" என்பார்கள். பின் சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் ஷொக் அப்சோபர்களில் எண்ணெய் வழிந்து தூசி அப்பிக் கிடக்கும். குளிர் போனால் சரியாகிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை? குளிர் உண்மையாகவே ஷொக்கைக் கெடுக்கிறதா? கெட்டுப்போன ஷொக்கோடு ஓடினால் என்ன நடக்கும்? எப்போது செலவு செய்யவேண்டும், எப்போது பொறுத்திருக்கலாம்? இவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஷொக் செய்யும் வேலை

ஷொக்கில் இரண்டு பகுதிகள் உள்ளன. வெளியே சுருண்டிருப்பது ஸ்பிரிங். உள்ளே நிற்பது எண்ணெய் நிரம்பிய உருக்குக் குழாய். சுமையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. ஆனால் ஸ்பிரிங்கிற்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் அது திரும்ப எகிறும், எகிறியபின் மீண்டும் அமுங்கும், மீண்டும் எகிறும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஒரு குழியில் இறங்கிய பிறகு பல தடவை துள்ளிக்கொண்டே போகும். அந்தத் துள்ளலை அடக்குவதே எண்ணெய்க் குழாயின் வேலை.

குழாய்க்குள்ளே ஒரு பளபளப்பான தண்டு மேலும் கீழும் போய்வரும். அதன் முனையில் சிறு துளைகளுள்ள பிஸ்டன் பொருத்தப்பட்டிருக்கும். தண்டு அசையும்போது எண்ணெய் அந்தத் துளைகளினூடாக நெருக்கிக்கொண்டு போகவேண்டும். அந்த நெருக்கடியில் துள்ளலின் விசை வெப்பமாக மாறிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் ஓடிவந்து ஷொக்கைத் தொட்டுப்பார்த்தால் குழாய் இளஞ்சூடாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்டு குழாயினுள் நுழையும் வாயில் ஒரு றப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் ஒயில் சீல். அதன் மெல்லிய உதடு தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். தண்டு போகலாம், வரலாம்; எண்ணெய் வெளியே வரக்கூடாது, தூசியும் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது. ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் அந்த உதடு தண்டின்மேல் உரசுகிறது. இவ்வளவு பெரிய வேலையை விரல் அகலமும் இல்லாத ஒரு றப்பர்த் துண்டு செய்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

குளிர் செய்வது என்ன?

உயரம் ஏற ஏறக் குளிர் கூடும் என்பது நாம் அறிந்ததே. ஏறத்தாழ ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் 6 பாகை செல்சியஸ் அளவு குறையும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. தை மாத விடியற்காலையில் பண்டாரவளைப் பக்கத்தில் 15 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். இக்குளிரில் ஷொக்கினுள் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன.

முதலாவது, எண்ணெய் தடிக்கிறது. குளிர் காலையில் தேங்காயெண்ணெய் உறைவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஷொக் எண்ணெய் அப்படி உறையாது. ஆனால் 40 பாகைச் சூட்டில் இருப்பதைவிட 10 பாகையில் மூன்று, நான்கு மடங்கு தடிப்பாகிவிடும். தடித்த எண்ணெய் சிறு துளைகளால் இலகுவில் போகாது. அந்த நேரத்தில் வண்டி வேகமாக ஒரு குழியில் விழுந்தால் குழாயினுள் அழுத்தம் சட்டென்று ஏறி, சீலின் மேல் மோதும்.

இரண்டாவது, றப்பர் இறுகுகிறது. சூட்டில் குழைவாக இருக்கும் உதடு குளிரில் விறைத்து, தண்டின் அசைவோடு உடனுக்குடன் இணைந்து போக முடியாமல் பின்தங்குகிறது.

மூன்றாவது, குளிரில் எல்லாப் பொருளும் சுருங்கும். ஆனால் றப்பர் உருக்கைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமாகச் சுருங்கும். இதனால் உதட்டின் பிடி மயிரிழை அளவு மாறுகிறது. புதிய சீலுக்கு இது ஒரு பொருட்டல்ல. தேய்ந்த சீலுக்கு அந்த மயிரிழையே வாசலாகிவிடும்.

குளிரில் றப்பர் விறைப்பது எவ்வளவு பாரதூரமான காரியம் என்பதை உலகம் 1986 ஜனவரி 28ஆம் திகதி கண்டது. அமெரிக்காவின் சலஞ்சர் விண்வெளி ஓடம், புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் நிலவிய காலையில் ஏவப்பட்டு, 73 செக்கனில் வானில் சிதறியது. ஓர் ஆசிரியை உட்பட ஏழு பேர் மாண்டார்கள். ஏவுகணையின் மூட்டுகளில் இருந்த றப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, இடைவெளியை உடனே அடைக்கத் தவறியமையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. விசாரணைக் குழுவில் இருந்த றிச்சர்ட் ஃபைன்மன் என்ற பௌதிக அறிஞர், அந்த றப்பரில் ஒரு துண்டை இடுக்கியால் நசுக்கி, ஐஸ் தண்ணீர்க் கோப்பையில் சற்று நேரம் வைத்தெடுத்து, அது உடனே பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை என்பதைச் சபையின் முன் காட்டினார். விண்வெளி ஓடமானாலும் வெலிமடை உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் மோட்டார் சைக்கிளானாலும் றப்பரின் குணம் ஒன்றே.

ஆனால் குற்றவாளி குளிர் அல்ல

இதைக் கேட்டதும், "அப்படியானால் நாங்கள் சொன்னது சரிதானே, குளிர்தான் காரணம்" என்று கூறத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். குளிர்தான் காரணம் என்றால் தை மாதத்தில் பண்டாரவளையில் ஓடும் எல்லா மோட்டார் சைக்கிளும் ஒழுகவேண்டும். புது வண்டி ஒழுகுவதில்லையே! இந்தியாவின் வடக்கே லடாக் மலைகளில் தண்ணீர் உறையும் குளிரிலும், நம்மிடம் இருப்பதைப் போன்ற வண்டிகள் ஓடுகின்றன. அங்குள்ள குளிரோடு ஒப்பிட்டால் நமது 12 பாகையும் 13 பாகையும் ஷொக் சீலுக்குப் பெரிய சோதனையே அல்ல.

அப்படியானால் ஏன் தை மாதத்தில் ஒழுகுகிறது? ஊவாவின் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். நமக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி மார்கழி கடந்து தை வரை நீடிக்கும். அந்த மூன்று மாதமும் வண்டி சேற்றிலேயே ஓடுகிறது. பின் சக்கரம் அள்ளி வீசும் சேறு நேரே ஷொக்கின் மேல் விழுகிறது. பெரும்பாலான வண்டிகளில் குழாய் கீழேயும் தண்டு மேலேயும் இருப்பதால், விழும் சேறு வழிந்து வந்து சீலின் வாயிலேயே தங்குகிறது. சேற்றில் மண் மாத்திரமல்ல, பொடி மணலும் உண்டு. சேறு காய்ந்து தண்டில் ஒட்டியதும், ஒவ்வொரு துள்ளலிலும் அந்த மணல் சீலின் உதட்டை அரத்தாள் போலத் தேய்க்கிறது.

ஆகவே சேதத்தைச் செய்தது மழைக்காலச் சேறு. அது முடிந்தபின் வந்த குளிர், ஏற்கெனவே தேய்ந்துபோன சீலை வெளியே காட்டிக்கொடுத்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். காகத்தைத் திட்டுவதில் பயனில்லை. குளிர் போனதும் ஒழுக்கு நின்றுவிட்டால், சீல் குணமாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். வெயிலில் றப்பர் இளகி மீண்டும் கவ்வுகிறது, அவ்வளவே. காலையில் ஒழுகி நண்பகலில் நிற்கும் ஷொக், "எனக்குச் சில மாதங்களே இருக்கின்றன" என்று முன்கூட்டிச் சொல்லுகிறது. இந்த எச்சரிக்கை காசைச் சேர்ப்பதற்கு நமக்குக் கிடைக்கும் தவணை.

சேற்றுக்கு அடுத்த மூன்று எதிரிகள்

1. துரு. ஒயில் சீல் உரசும் தண்டு குரோம் பூசப்பட்டது. அதில் ஊசிமுனை அளவு துருக்குழி விழுந்தாலும், அது சீலின் உதட்டைக் கத்தி போலக் கீறும். வெளியே நிறுத்திய வண்டியின் மேல் இரவு முழுவதும் பனி படிகிறது; ஈரம் தண்டிலேயே நிற்கிறது. இதைவிட மோசமானது உரம். எம்.ஓ.பி. எனப்படும் பொட்டாசியம் குளோரைட்டும் அமோனியம் சல்பேட்டும் உப்புகள். மூட்டையிலிருந்து சிந்தும் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் குரோமையும் அரித்துவிடும். உரம் ஏற்றிய வண்டிகளின் ஷொக் சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. அளவுக்கு மிஞ்சிய சுமை. சாதாரண 100 சிசி வண்டி தாங்கவென்று செய்யப்பட்டது, ஓட்டுபவர் உட்பட ஏறத்தாழ 130 முதல் 150 கிலோ வரை. உங்கள் வண்டிக்குரிய சரியான எடை அதன் கைநூலில் இருக்கும். கணக்குப் பாருங்கள். தகப்பனார் 60 கிலோ, தாயார் 50 கிலோ, உரமூட்டை 50 கிலோ. மொத்தம் 160 கிலோ. மடியில் ஒரு பிள்ளையும் இருந்துவிட்டால் சொல்லவேண்டியதில்லை. மேலும் ஏற்றம் ஏறும்போது பாரம் பின்பக்கமே சாயும். கெரியரில் சக்கரத்துக்கும் பின்னால் கட்டிய மூட்டை நெம்புகோல் போலச் செயற்பட்டு, தன் எடையைவிடக் கூடிய பாரத்தைப் பின் ஷொக்கில் ஏற்றும். இதனால் ஷொக் அடிவரை இறங்கி மோதும். ஒவ்வொரு மோதலும் சீலுக்கும் தண்டுக்கும் ஓர் அடி.

சுமையின் கீழ் விழுந்து கிடக்கும் கழுதையைக் கண்டால், அது பகைவனுடையதானாலும் விலகிப் போகாமல் உதவவேண்டும் என்று வேதம் கற்பிக்கிறது. நம்முடைய சுமையைச் சுமக்கும் இந்த இரும்புக் கழுதையின் மேலும் சிறிது இரக்கம் வைப்பது நமக்கே நல்லது.

3. வயது. றப்பர் காலம் செல்லச் செல்லத் தானாகவே இறுகும். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் இது நடக்கும். பல வருடங்கள் பழைய சீலுக்குச் சிறு குளிரே போதும்.

ஒழுகும் ஷொக்கின் ஆபத்து

எண்ணெய் போய்விட்டால் ஸ்பிரிங் மட்டும் மிஞ்சும். வண்டி ஓடும், ஆனால் துள்ளும். துள்ளும் சக்கரம் நிலத்தை விட்டு எழும்புகிறது. எழும்பிய சக்கரத்துக்குப் பிடியும் இல்லை, பிரேக்கும் இல்லை. பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் வழியையும், பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் வழியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புறம் மலை, மறு புறம் பள்ளம், நடுவே மூடுபனி. அப்படியான வளைவில் பின்சக்கரம் ஒரு கணம் எழும்பினால் போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வழியும் எண்ணெய். அது குழாயால் இறங்கிக் கீழே சொட்டும். டயரின் ஓரத்தில் பட்டால் வளைவில் வழுக்கும். பிரேக் டிரம்மினுள் போய் பிரேக் லைனரில் ஊறினால் பிரேக் பிடிக்காது. ஊறிய லைனரைக் கழுவித் திரும்பவும் போடுவது ஏமாற்று வேலை. அதை மாற்றவே வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஐந்து சோதனைகள்

இவற்றுக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு பழைய துணி போதும்.

1. துடைத்துப் பார்த்தல். இரண்டு ஷொக்கையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓடியபின் திரும்பப் பாருங்கள். தண்டின் மேல் மெல்லிய ஈரப்பதம் மாத்திரம் இருந்தால் பயமில்லை. சீலின் வாயிலிருந்து வளையமாகத் தொடங்கிக் குழாய் வழியே எண்ணெய் இறங்கியிருந்தால் அது ஒழுக்கு. பனித்துளியை எண்ணெய் என்று மயங்காதீர்கள். விரலால் தொட்டுத் தேய்த்தால் தெரியும்.

2. இடமறிதல். பெரும்பாலான வண்டிகளில் செயின் இடது பக்கம் இருக்கும். இடது ஷொக் மட்டும் கறுப்பாகத் தெறித்த புள்ளிகளோடு இருந்தால் அது செயினுக்கு விட்ட எண்ணெயாக இருக்கலாம். ஷொக் எண்ணெய் மேலிருந்து கீழாக வழியும். செயின் எண்ணெய் சிதறித் தெறிக்கும். இதை அறியாமல் நல்ல ஷொக்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

3. அமுக்கிப் பார்த்தல். வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு சீட்டின் பின்பகுதியைப் பலமாக அமுக்கிக் கையை எடுங்கள். ஒருமுறை மேலே வந்து அமைதியாக நின்றால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. இச்சோதனையை நண்பகலில் செய்வது சரி. விடியற்காலையில் எண்ணெய் தடித்திருப்பதால் பழுதான ஷொக்கும் நல்லதுபோல நடிக்கும்.

4. தண்டைப் பார்த்தல். தண்டு தெரியும் இடத்தில் நகத்தால் மெல்லத் தடவுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அது துருக்குழி அல்லது கீறல். அப்படியானால் சீலை மாத்திரம் மாற்றிப் பயனில்லை. புது சீலையும் அது கீறிவிடும்.

5. டயரைப் பார்த்தல். பின் டயர் ஒரே சீராகத் தேயாமல், இடைக்கிடை குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது என்பதே பொருள்.

நிற்க வேண்டுமா, ஓடலாமா?

எல்லா ஒழுக்குக்கும் வண்டியை நிறுத்தவேண்டியதில்லை. கையில் காசு குறைந்த குடும்பத்துக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

தண்டில் ஈரம், ஆனால் அமுக்கும் சோதனையில் வண்டி ஒருமுறை எழுந்து நிற்கிறது என்றால்: ஓடலாம். கிழமைக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

எண்ணெய் வழிகிறது, வண்டி ஆடுகிறது. ஆனால் டயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் இல்லை என்றால்: தனியாக, சுமையில்லாமல், மெதுவாகக் கராஜுக்குப் போகலாம். பிள்ளைகளை ஏற்றவேண்டாம்.

டயரிலோ பிரேக்கிலோ எண்ணெய் பட்டிருக்கிறது என்றால்: ஓடவே வேண்டாம். டயரைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிரேக்கைத் திறந்து பார்த்த பின்னரே வண்டியை அசைக்கவேண்டும்.

திருத்துவதா, மாற்றுவதா?

முன் ஃபோர்க்கில் சீல் போனால் கராஜில் கழற்றிப் புது சீலும் எண்ணெயும் போடலாம். சிறு வண்டிகளின் பின் ஷொக் அப்படியல்ல. அது திறப்பதற்கென்று செய்யப்படாதது. வாயை மடித்து அடைத்தே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. சிலர் அதைத் துளையிட்டு எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்துக் கொடுக்கிறார்கள். விலை குறைவுதான். ஆனால் வெல்டிங்கின் சூடு உள்ளிருக்கும் சீலைக் கருக்கிவிடும், தண்டு பழையதே, சில மாதங்களில் மீண்டும் ஒழுகும். இரண்டு தடவை அப்படித் திருத்தினால் புதியதன் விலை வந்துவிடும்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. சில ஷொக்குகளில் எண்ணெயோடு நைதரசன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு சிறு கலன் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் வாயு ஷொக். அதன் அழுத்தம் டயரில் இருக்கும் காற்றைவிடப் பல மடங்கு. அதைத் துளையிடவோ, நெருப்பில் காட்டவோ, வெல்டிங் வைக்கவோ கூடாது. வெடித்துச் சிதறி ஆளைக் கொல்லக்கூடியது. பழையதைப் பிள்ளைகள் விளையாடவும் விடவேண்டாம்.

புதியது வாங்கும்போது கவனிக்கவேண்டியவை: இரண்டையும் சோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புதியதும் சீக்கிரம் கெடும். உங்கள் வண்டியின் வகையையும் ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் மேற்கண்ணிலிருந்து கீழ்க்கண் வரை நீளம் ஒன்றா என அளந்து பாருங்கள். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். ஷொக்கின் அடியில் படிபடியாக வெட்டிய வளையம் இருந்தால் அது சுமைக்கேற்ப ஸ்பிரிங்கை இறுக்குவதற்கானது. தனியே ஓடுபவர் இளக்கமான படியிலும், சுமை ஏற்றுபவர் இறுக்கமான படியிலும் வைக்கலாம். இரு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

இழப்பீட்டுப் பணமோ கடனோ கிடைத்தவுடன் பலர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். அந்தக் காசு மறுபடி வராது. வண்டி மற்றப்படி அழுக்காக இருக்க ஷொக் மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். புதிதாகப் பெயின்ட் பூசிய ஷொக்கையும் அப்படியே. இரண்டு பேர் ஏறி, குழியுள்ள பாதையில் சில கிலோமீற்றர் ஓடிவந்து, பின்னர் சீலின் வாயைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி பேசும்.

சேற்றில் புதைந்த வண்டி

மண்சரிவிலோ வெள்ளத்திலோ அகப்பட்டு மீட்ட வண்டியை உடனே ஏறி உட்கார்ந்து குலுக்கிப் பார்ப்பது பலரின் வழக்கம். அது பெரும் தவறு. தண்டில் அப்பிய வண்டல் முழுவதையும் அந்தக் குலுக்கல் சீலுக்குள் தள்ளிவிடும். முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, ஷொக்கின் தண்டையும் சீலின் வாயையும் மென்மையான துணியால் கழுவுங்கள். பின்னரே வண்டியை அசையுங்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்பதால், எண்ணெயை மாற்றி மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம்.

காசில்லாத பராமரிப்பு

• சேற்றுப் பாதையில் ஓடிய நாளில், சேறு காயும் முன்பே ஒரு வாளித் தண்ணீரால் ஷொக்கைக் கழுவி, துணியால் தண்டைத் துடையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மாத்திரம் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்.

• அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் சீலின் வாய்க்கு நேரே பிடிக்கவேண்டாம். பெற்றோலால் துடைக்கவும் வேண்டாம். கிறீஸ் பூசவும் வேண்டாம். கிறீசில் மணல் ஒட்டிக்கொள்ளும்.

• பின் மட்கார்ட்டின் உட்புறமாக, ஷொக்குக்கு முன்னே ஒரு பழைய டியூப் துண்டைத் தொங்கவிட்டால் சேறு தெறிப்பது குறையும். அது சக்கரத்திலோ செயினிலோ சிக்காதபடி இறுகக் கட்டவேண்டும்.

• உரமூட்டையைப் பொலித்தீனால் சுற்றி ஏற்றுங்கள். ஏற்றி இறக்கிய பின் வண்டியைக் கழுவுங்கள்.

• மூட்டையை முடிந்தளவு முன்னுக்கு, சீட்டோடு ஒட்டிக் கட்டுங்கள். இரண்டு மூட்டைக்கு இரண்டு பயணம் போவதே மலிவு.

• குளிர் காலையில் முதல் ஓரிரு கிலோமீற்றரை மெதுவாக ஓடுங்கள். எண்ணெய் இளகட்டும், றப்பர் குழையட்டும்.

• தற்காலிகக் கூடாரத்தில் வசிப்பவர்கள் வண்டியைப் பொலித்தீனால் நிலம்வரை இறுக மூடவேண்டாம். ஈரம் உள்ளேயே நின்று துருப்பிடிக்கும். மேலே மறைத்து, பக்கங்களில் காற்றோட விடுங்கள்.

ஒன்றாகச் செய்யக்கூடியது

புதிய குடியேற்றங்களில் பத்து வீட்டுக்கு இரண்டு மூன்று மோட்டார் சைக்கிளாவது இருக்கும். ஆளுக்கொரு கருவிப்பெட்டி வாங்குவது வீண். சங்கத்தின் மூலம் அல்லது பங்கின் மூலம் பொதுவான கருவிப்பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நாட்டில் தொழிற்பயிற்சி அதிகார சபையும் நைட்டா நிறுவனமும் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கின்றன. மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டித் திருத்தும் பயிற்சி எப்போது, எங்கே நடைபெறும் என்று பதுளையில் விசாரியுங்கள். குடியேற்றத்திலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ அந்தத் தொழிலைப் படித்துவந்தால், அயலிலுள்ள குடும்பங்களுக்கெல்லாம் செலவு மிச்சமாகும். அவருக்கும் ஒரு பிழைப்பு உண்டாகும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின், வண்டி வைத்திருப்போர் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் ஒருவர் வண்டியை மற்றவர் பார்த்துச் சொல்லலாம். நம்முடைய வண்டியின் குறை நம் கண்ணுக்குத் தெரியாது. அயலவரின் கண்ணுக்கு உடனே தெரியும். நிலத்தையும் வீட்டையும் இழந்த குடும்பம், அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியையும் இழந்துவிடக் கூடாது. வருகிற மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது உங்கள் ஷொக் உலர்ந்திருக்க வேண்டுமானால், ஒக்டோபரில் விழும் முதல் மழையிலேயே துணியைக் கையில் எடுங்கள்.